ஏழு லிட்டர் நெஞ்சு

முத்துச்சிப்பிக்கு முங்குகிறவனைப் பற்றி ஊர் ஆயிரம் கதை சொல்லும். படகில் குந்திக் கயிறு பிடிக்கிறவளைப் பற்றி அரை வார்த்தை பேசாது. பசிபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில் நம் மரேவா கலியாணமான நாளிலிருந்து அந்த வேலையைத்தான் பார்த்தாள்.

அவள் புருஷன் தெய்ஹோ படகின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கியபடி மூச்சை இழுத்து இழுத்து விடுவான். மரேவா அவன் ஒரு கையில் பற்றிய ஈயக்குண்டுக் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவாள். ‘நான் தயார், நீ போ’ என்று பொருள். நெஞ்சு நிறைய ஒரு கடைசி மூச்சை வாங்கிக்கொண்டு குண்டோடு இறங்கிவிடுவான். மேலே வந்ததும் உதட்டைக் குவித்து நீளமாக ஒரு சீழ்க்கை. அது காதில் விழுகிறவரை அவளும் மூச்சுவிட மாட்டாள்.

படகில் அவளுக்கு ஓர் உரிமை இருந்தது. கயிறு பிடிக்கிறவள் “போதும்” என்றால் அன்றைக்கு அந்தப் படகு கரைக்குத் திரும்பியாக வேண்டும். எப்பேர்ப்பட்ட சூரனும் மறுபேச்சுப் பேசக் கூடாது. கடலில் மூர்ச்சை போட்டுப் புத்தி பேதலித்தவனை எங்கள் ஊரில் தாரவானா பிடித்தவன் என்போம். அப்படி நாலைந்து பேரைப் பார்த்த பிறகு முன்னோர் வைத்த கட்டு அது.

ஒரு வருஷம் தலைநகர் பப்பேத்தேயிலிருந்து ஒரு டாக்டர் மூச்சளக்கும் கருவியோடு வந்து இறங்கினார். பார்த்தால் சிரிப்பாக இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்துவைத்த ஒரு தகர டப்பா. அதிலிருந்து ஒரு குழாய். மூக்கை அடைத்துக்கொண்டு குழாயில் ஊதினால் டப்பா எழும்பும், பக்கத்தில் ஒரு பேனா காகிதத்தில் கோடு இழுக்கும். கொப்பரைக் கொட்டகையில் முங்குகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

“மூணு தரம் ஊதணும், அதுதான் முறை. முட்ட முட்ட இழுத்து, ஒட்ட ஒட்ட ஊது,” என்றார் டாக்டர்.

தெய்ஹோவின் கோடு காகிதத்தின் உச்சிக்கே போனது. ஏழு லிட்டர்! தீவில் வேறு யாரும் அதன் பக்கம்கூட வரவில்லை.

டாக்டர் பாராட்டிவிட்டு ஒன்று சொன்னார். “பை எவ்வளவு பெரிசுன்னுதான் இது சொல்லும். எவ்வளவு ஆழம் போகலாம்னு சொல்லாது. மூச்சு முட்டுறது நல்ல காத்து தீர்ந்ததால இல்லப்பா, கெட்ட காத்து உள்ள சேர்றதால. நீங்க முங்குறதுக்கு முன்னால வேகு வேகுன்னு ஊதி ஊதி அந்தக் கெட்ட காத்தையெல்லாம் வெளியேத்திடுறீங்க. அப்புறம் ‘மேல வா’ன்னு உடம்பு கூப்பிடாது. நேரா மயக்கம்தான்.”

யார் கேட்டார்கள்? ஏழு என்ற எண்தான் எல்லார் காதிலும் ஏறியது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் மரேவாவை “ஏழு லிட்டர்காரி” என்று கேலி செய்தார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். உள்ளுக்குள் இனித்தது.

சிப்பி எடுக்கும் பருவம் வந்து காயலைத் திறந்துவிட்டார்கள். மரேவாவின் தம்பி கமாக்கே பக்கத்துப் படகிலிருந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “மச்சான், ஏழு லிட்டர் நெஞ்ச வச்சிக்கிட்டு முழங்கால் தண்ணியில என்ன தேடுறீங்க? தேங்காயா?”

சுற்றியிருந்த படகுகள் சிரித்தன. தெய்ஹோ கீழைப் பள்ளத்துக்குப் படகை விடச் சொன்னான். அங்கே ஆழம் இருபது பாகத்துக்கு, இருபது ஆள் உயரத்துக்கு, குறையாது. ஒவ்வொரு தரமும் கூடை நிறைய வந்தது. ஒவ்வொரு தரமும் சீழ்க்கை கொஞ்சம் குட்டையானது. உச்சி வெயிலில் அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“கை நடுங்குதேய்யா,” என்றாள்.

“குளிருடி. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

‘போதும்’ என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பத்துப் படகு பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு லிட்டர்காரி எப்படிச் சொல்வாள்? விழுங்கினாள். அவன் வழக்கத்தைவிட அதிகமாக, நாய் இரைப்பதுபோல மூச்சு வாங்கினான். அவள் கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள்.

சீழ்க்கை வரவே இல்லை. கமாக்கேதான் குதித்து அவனைத் தூக்கிவந்தான்.

தெய்ஹோ சாகவில்லை. அப்படிச் சொல்லித்தான் ஊர் அவளைத் தேற்றியது. தேங்காய்ப்பாலில் ஊறிய மீனை ஊட்டினால் தின்றான். உட்கார்த்தி வைத்தால் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தால் வாசலில் நிற்கிற மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். புருஷனைப் பறிகொடுத்தவளாவது மாரடித்து அழுதுவிட்டு ஓய்வாள். அவளுக்கு அழவும் வழியில்லை. புருஷன்தான் உயிரோடு இருக்கிறானே.

மறுவருஷம் டாக்டர் அதே டப்பாவோடு வந்தார். மரேவா புருஷனின் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப்போனாள்.

“ஊதச் சொல்லிப் பாருங்கய்யா. எங்க உடைஞ்சிருக்குன்னு காட்டும்ல? காட்டிட்டா சரிபண்ணிடலாம்ல?”

“இது மூச்ச மட்டும்தாம்மா காட்டும்.”

“எனக்காகப் பாருங்க.”

டாக்டர் அவன் மூக்கை அடைத்துக் குழாயை வாயில் வைத்தார். தெய்ஹோ சும்மா இருந்தான். ஊது என்றார், கத்தினார், ஊதிக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மரேவா கொட்டகை மூலையில் கிடந்த ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து ஒரு நுனியை அவன் கையில் சுற்றினாள். இரண்டு தரம் சுண்டினாள்.

அவன் நெஞ்சு விரிந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, தோள் உயர, பழைய தெய்ஹோவாகவே ஒரு மூச்சை இழுத்தான். இழுத்ததை உள்ளே பிடித்துக்கொண்டான். பிறகு ஒட்ட ஒட்ட ஊதினான்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“சொல்லுங்கய்யா.”

“ஏழு லிட்டர்மா. அப்படியே இருக்கு. ஒரு குறையும் இல்ல.”

கூட வந்திருந்த கமாக்கே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உடைந்தது ஒன்றும் இல்லையென்றால் சரிபண்ணவும் ஒன்றும் இல்லை. மரேவாவின் கடைசி நம்பிக்கையும் அங்கேயே செத்தது.

டாக்டர் பேனா முள்ளைத் துடைத்தார். பழக்க தோஷத்தில், “இன்னும் ரெண்டு தரம் ஊதணும், அதுதான் முறை,” என்று முணுமுணுத்தார்.

தெய்ஹோ குழாயை உமிழ்ந்து, உதட்டைக் குவித்து நீளமாக ஒரு சீழ்க்கை விட்டான். பிறகு கையில் சுற்றிய கயிற்றைப் பார்த்துக்கொண்டே வேகு வேகென்று மூச்சு வாங்கத் தொடங்கினான். அவள் அடுத்த தரம் சுண்டுவதற்குக் காத்திருந்தான்.

மரேவா கயிற்றை அவிழ்த்தாள்.

“போதும்,” என்றாள்.