மாலா அறுத்த பின்னல்

பாஷை தெரியாமல் ஹவுரா ஸ்டேஷனில் படுத்துக் கிடந்த நாட்களில், மாலா என்ற பெண் நான் தூங்கும்போது என் பின்னலை அறுத்துவிட்டாள். விற்கத்தான் அறுத்தாள் என்று ஐந்து வருடம் கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு, தெருவில் கிடந்தவள் என்பதாலேயே ஆதரவற்ற பெண்கள் விடுதியொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பேன் பார்ப்பேன். வீட்டு வேலையிலிருந்து துரத்தப்பட்டு, ஒருநாள் மாலாவே என் முன் வந்து உட்கார்ந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நீளமான பின்னல்; ஒரு பேன்கூட இல்லை.

“தலையெல்லாம் பேன். ஒட்ட வெட்டணும்” என்று பின்னலில் கத்தரிக்கோலை வைத்தேன். அழட்டும் என்று காத்திருந்தேன்.

“வெட்டுங்க தீதி. மறுபடி ஸ்டேஷன்ல படுத்தாலும், பையன்னு நினைச்சு ஆம்பளைங்க விட்டுடுவானுங்க. பெங்காலி தெரியாத ஒரு மதராசிப் பொண்ணுக்கு நானே வெட்டிவிட்டேன். தப்பிச்சாளோ என்னவோ.”

அதற்குள் அவள் பின்னல் என் கையில் இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல, கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.