மேகம் மேலே ஏறக் காத்திருந்த காலம்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவரை எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபுர கிரேனின் உச்சியில், குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு இரும்பும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுத்தவர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். வயர்லெஸ்ஸில் வரும் குரல் மட்டும்தான் மற்றவர்களுக்கு அவர். அதனால் அந்தப் பெயர். பின்னால் உடம்பு பெருக்க ஆரம்பித்தபோது, “பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கூண்டில் அவருக்கு இரண்டே சந்தோஷம். ஒன்று, பார்வை. கீழே சாலையில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊரும். மழை வருவதை ஊரில் முதலில் பார்க்கிற ஆள் அவர்தான். இன்னொன்று, சாப்பாடு. மனைவி கட்டிக்கொடுக்கிற அடுக்கு டிபனைத் திறந்துவைத்து, காற்று கூண்டை மெல்ல ஆட்ட, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கிண்ணமாகக் காலி செய்வார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, வாய்க்குப் பேச்சுத் துணை கிடையாது. சாப்பாடுதான் துணை. துணை கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பில் குடியேறியது.

முதலில் முழங்கால் மக்கர் பண்ணியது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டார். ஏணி ஏறுமுன் ஒன்று, இறங்குமுன் ஒன்று என்று அது பழக்கமாகிவிட்டது. மாத்திரையால் முழங்காலை ஏமாற்ற முடிந்தது, மூச்சை ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் பாதி ஏணியில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு பேர் ஏறி வந்து, கயிறு கட்டி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். கிரேனில் எத்தனையோ சுமைகளை அலுங்காமல் இறக்கிய மனுஷன், தானே சுமையாக இறங்கிய நாள் அது. மறுநாளே பாதுகாப்பு அதிகாரி அவரைத் தரையில் நிறுத்திவிட்டார். கையில் வயர்லெஸ்ஸைக் கொடுத்து, மேலே இருக்கிறவனுக்குச் சைகை சொல்கிற வேலை.

தரை அவருக்கு ஒத்துவரவில்லை. நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறபோது, தான் கட்டிய வீட்டில் வேறு யாரோ விளக்கேற்றுவதைப் பார்ப்பது போலிருக்கும்.

எடை குறைப்பதற்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் பற்றி டாக்டரம்மா சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, “மறுபடி ஏணி ஏற முடியுமா?” என்பதுதான்.

“முயற்சி பண்ணா முடியும். ஆனா உடனே இல்ல. பொறுமை வேணும்.”

மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. அவள் சீருடை தைக்கிற கடையில் வேலை பார்ப்பவள். “பெருசா இருந்தா பிடிச்சுத் தைக்க இது என்ன பாவாடையா? வயிறுங்க!” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கண் விழித்தபோது வயிற்றில் நாலைந்து சின்னக் கட்டுகள். அங்கே வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். வலித்தது. எதிர்பார்க்காதது தோள்பட்டை. யாரோ இடது தோளில் கொக்கியை மாட்டித் தூக்குவது போல ஒரு வலி. வெட்டியது வயிற்றை, வலிப்பது தோளா? பயந்துபோனார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்தில் ஆண்களுக்குக் கிடையாது.

நர்ஸ் வந்து, “வலி எப்படி இருக்கு அண்ணே?” என்றாள்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். பரவாயில்ல.”

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தாள். “பரவாயில்லன்னா ஏன் கோழி மாதிரி மேல்மூச்சு வாங்குறீங்க? நல்லா இழுத்து விடுங்க பாப்போம்.”

இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. கண்ணில் நீர் கட்டியது.

“வலியை மறைச்சா மூச்சை அடக்குவீங்க. மூச்சை அடக்கினா நெஞ்சுல சளி கட்டும், காய்ச்சல் வரும். தோள்தானே? அது ஆபரேஷன் அப்போ வயித்துக்குள்ள ஏத்துன காத்து. நடக்க நடக்கக் குறையும். வலி அடங்கினாத்தான் நடக்க முடியும். அதனால வலிக்கு மருந்து, மருந்து வேலை செய்யும்போது நடை. புரியுதா? வீரம் காட்டுற இடம் இது இல்ல.”

ஒரு தலையணையைக் கொடுத்து, இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டு எழுந்தார். தாழ்வாரத்தில் நடந்தார். ஏப்பம் ஒன்று வந்தது. வாழ்க்கையில் எந்த விருந்துக்குப் பிறகும் அவ்வளவு திருப்தியான ஏப்பம் விட்டதில்லை என்று பிற்பாடு சொல்வார்.

வீட்டுக்கு வரும்போது திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்: சிறு கோப்பையில் மடக்கு மடக்காகத் தண்ணீர், வலிக்குக் கொடுத்த திரவ மருந்து மட்டும், பழைய முழங்கால் மாத்திரை கூடவே கூடாது. அது தைத்த இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.

வீட்டில் வேறு ஒரு வலி காத்திருந்தது. பசி இல்லை. வயிறு கேட்கவில்லை, நாக்கு கேட்டது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கும்போது, சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொள்வார். செத்துப்போன சிநேகிதன் தெருவில் போகிற மாதிரி இருக்கும். அவரையும் அறியாமல் கை காற்றில் பிசையும். மனைவி வீட்டில் சமைப்பதையே விட்டுவிட்டாள். என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை. ஒரு மத்தியானம் தண்ணீருக்கு எழுந்து போனவர், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டே, வாசனை வராத வெறும் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்து விழுங்குவதைப் பார்த்தார்.

“என்ன இது?”

“பசிக்கல. சும்மா…”

“திருடி மாதிரி ஏன் நின்னுக்கிட்டு சாப்பிடுற? வெட்டுனது என் வயித்தைத்தானே, உன் வயித்தையுமா?”

“உங்க முன்னாடி எப்படிங்க இறங்கும்?”

“இறங்கும். நாளையிலேர்ந்து சமை. என் முன்னாடி உக்காந்து சாப்பிடு. நீயும் இல்லாம, சாப்பாடும் இல்லாம, நான் மட்டும் இந்த நாற்காலியில என்ன பண்ணுவேன்?”

மறுநாள் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் முழங்கால் தன் பழைய கணக்கைத் தீர்க்க வந்தது. இத்தனை வருஷம் மாத்திரை மூடி வைத்திருந்த வலி மொத்தமும் மேலே வந்ததுபோல் ஒரு குடைச்சல். நடக்காவிட்டால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது, நடந்தால் முழங்கால் கொல்லுகிறது. இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் முள். மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், கூட வேலை பார்க்கிற வெல்டர் பார்க்க வந்தார்.

“என்ன மாப்ள, மூஞ்சி இப்படிச் சுருங்கிக் கிடக்கு?”

“முட்டி.”

வெல்டர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதே மாத்திரை. அதே வெள்ளி நிறம். “உன் சரக்குதான். ஒண்ணு போடு, பறந்துடும். ஒண்ணுல என்ன ஆயிடப் போகுது?”

நண்பன் போனபிறகும் அட்டை நாற்காலிக் கையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று போட்டால் ராஜா மாதிரி நடக்கலாம். ஒன்றுதான். ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர்க் கோப்பையையும் எடுத்தார்.

அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது தொழில்தான். மேலே இருந்த காலத்தில், கீழே நிற்பவன் அரைகுறையாகச் சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். “என்ன நடக்குதுன்னு தெளிவாச் சொல்லு! இங்கேருந்து எனக்குத் தெரியாது!” என்று வயர்லெஸ்ஸில் கத்துவார். அரைகுறைச் சைகையில் ஆள் செத்ததைப் பார்த்தவர் அவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

அதே நர்ஸ்தான் எடுத்தாள். அவர் சொன்னார்: “சிஸ்டர், வலிக்குது.”

அப்புறம் அணை உடைந்ததுபோல எல்லாம் வந்தது. எங்கே வலிக்கிறது, உட்கார்ந்தால் எப்படி, எழுந்தால் எப்படி, கையில் என்ன மாத்திரை இருக்கிறது, அதைப் போட எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்பது உட்பட.

“காய்ச்சல் இருக்கா? வாந்தி? நெஞ்சு படபடப்பு? வயித்து வலி கூடிக்கிட்டே போகுதா?”

“இல்ல. முட்டிதான்.”

“அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. திரவ மருந்தை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?”

“ரொம்ப வலிச்சா மட்டும் குடிப்பேன்.”

“அதான் தப்பு. தீ பத்தினப்புறம் கிணறு வெட்டுற கதை. எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் குடிங்க. முட்டிக்கு வெந்நீர்ப் பை வைங்க. ஒரேடியா நடக்காம, கொஞ்சம் கொஞ்சமா பல தடவை நடங்க. நாளைக்கு வந்து டாக்டரம்மாகிட்ட முட்டியைக் காட்டுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “சொன்னீங்களே, அதுவே பெரிசு அண்ணே” என்றாள்.

அதன் பிறகு வலி அவரை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் அவருக்கு அடங்கி நடந்தது. மாலையில் தலையணையை வயிற்றோடு அணைத்தபடி, மனைவி பக்கத்தில் வர, தெருக்கோடி வரை போய் வருவார். “தலையணையும் கையுமா எங்க கெளம்பிட்டீங்க?” என்று தையல் கடைக்காரர் கேட்டால், “பொண்டாட்டி வீட்டை விட்டுத் துரத்திட்டா” என்பார். சிரிக்க வயிறு விடாது. தலையணையை இறுக்கிக்கொண்டு சிரிப்பார்.

உடம்பு இளைத்து, சட்டைகளை எல்லாம் மனைவி பிடித்துத் தைத்துக் கொடுத்த பிறகு, ஒரு நாள் வேலை நடந்த இடத்தைப் பார்க்கப் போனார். கட்டடம் முடிந்துவிட்டிருந்தது. அவருடைய கிரேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கையைத் துண்டு துண்டாக இறக்கி லாரியில் அடுக்கினார்கள். கண்ணாடிக் கூண்டு தரையில், மண்ணில், சாய்ந்து கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். இவ்வளவு சின்னதா? உள்ளே உட்காரத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து என்னத்தைப் பார்க்க?

வேறு இடத்தில், வேறு கிரேனில் அவருக்கு வேலை கிடைக்க இன்னும் பல மாதம் ஆனது. உடல் பரிசோதனையில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, அரைநாள் வேலை என்று சம்மதித்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு தளத்திலும் நின்று, முழங்காலைத் தடவிக்கொடுத்து, மூச்சை முழுசாக இழுத்து விட்டு, ஏறினார். உச்சியில் காற்று பழைய காற்றுதான். ஊர் மட்டும் மாறியிருந்தது, அவர் தூக்கிக் கட்டிய கட்டடமே பாதி வானத்தை மறைத்தது. முதல் சுமையாக ஒரு கட்டுக் கம்பி. தூக்கினார். இறக்கினார். “தொட்டதே தெரியலண்ணே” என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்தார். சின்னக் கிண்ணத்தில் அவருக்கு. நாலு வாய்க்குள் வயிறு போதும் என்றது. ஏணி ஏறும் ஆசை தீர்ந்துவிட்டது, இந்த ஆசை தீராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“அப்படி மொட்டையாச் சொன்னா எப்படி? உறைப்பா, புளிப்பா, எது முன்னாடி நிக்குது? தெளிவாச் சொல்லு.”

அவள் ஒரு கவளத்தை வாயில் வைத்து, மெதுவாக மென்று, கொஞ்சம் யோசித்தாள். “முதல்ல புளிப்பு… இல்ல இல்ல, இருங்க…” என்று ஆரம்பித்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.