பிடிப்பதும் விடுவதும்

பொம்மைப் பெட்டியைப் பிரித்ததும் செய்முறைத் தாளை மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். பிறகு பிளாஸ்டிக் சட்டங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவற்றில் காய்த்துத் தொங்கும் துண்டுகளுக்கு நடுவே கீல்களைத் தேடுவாள். இறக்கை, மூக்கு, முகம் எதற்கும் அவளிடம் அவசரமில்லை. எது எங்கே மடங்குகிறது என்று தெரியவேண்டும். "மூஞ்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ உக்காருவியா, எந்திரிப்பியா, அதைச் சொல்லு முதல்ல" என்று சட்டத்தை அதட்டுவாள்.

விமானமாக இருந்து ஆளாக மாறும் பொம்மைகளைச் செய்வது அவளுடைய பொழுதுபோக்கு. சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் பூசி முடித்தால் ஒரு முழங்கை நீளத்துக்கு ஒரு போர் விமானம் கிடைக்கும். அதன் வயிற்றுக்குக் கீழே இருக்கும் இரண்டு எஞ்சின்களை இழுத்துத் திருப்பினால் அவைதான் கால்கள். மூக்கு மடிந்து மார்பாகும். உள்ளே ஒளிந்திருக்கும் தலை மேலே வரும். எல்லாம் சரியாக இருந்தால் ஆள் எழுந்து நிற்பான். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்காது. ஒன்று, இடுப்பு இறுகி, திருப்பும்போது முறியும். இல்லை, தளர்ந்து, நிறுத்தி வைத்தவன், அவள் சாப்பிட்டு வருவதற்குள் உட்கார்ந்துவிடுவான்.

ரயில் நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதையின் வாயில், சாவி வெட்டுபவருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே அவளுடைய தையல் கடை. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஆள் உள்ளே போய் உடை மாற்ற ஒரு திரை. புதுத் துணி தைப்பதில்லை. பிறர் தைத்ததைப் பிடிப்பாள், பிரித்து விடுவாள், நீளம் குறைப்பாள். அக்கம்பக்கத்தில் அவள் பெயர் ஆல்ட்ரேஷன் அக்கா. சாவி வெட்டுபவர் மட்டும் "ஆல்ட்ரேஷன்" என்று மொட்டையாகக் கூப்பிடுவார். "என்ன பூட்டு?" என்பாள் இவள் பதிலுக்கு.

யாரிடமும் "குண்டாயிட்டீங்க" என்று அவள் சொன்னதில்லை. "துணி சுருங்கிடுச்சு" என்பாள். பழைய கோட்டோடு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு கொடுக்கும் ஆசாமிகளுக்கு, கேட்காமலே இடுப்பில் ஒரு விரல் விட்டுத் தைத்துக் கொடுப்பாள். அவர்கள் மறுநாள் வந்து, "பாத்தீங்களா, இளைச்சிருக்கேன்" என்பார்கள். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்பாள். அவர்கள் போனதும் சாவி வெட்டுபவர் இருமுவார். இவள் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

முதல் பொம்மை, பெட்டி நசுங்கியதால் விலை போகாமல் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கிடந்தது. பெட்டியின் ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் ஆள். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும் கோட்டு மாதிரி இருக்கிறதே என்று வாங்கினாளாம். "அந்த மாதிரி கோட்டுல எவ்வளவு திருட்டுத்தனம் இருக்கும்னு தைக்கிறவளுக்குத்தான் தெரியும். இவன் எங்கெங்க திருடியிருக்கான்னு பாக்கணும்னு தோணிச்சு." பார்த்தாள். திருடியவன் இடுப்பில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தான். மழுங்கிய மிஷின் ஊசி ஒன்றின் தடித்த பாகத்தை வெட்டி, பிளாஸ்டிக் அச்சுக்குப் பதிலாக அதைச் செருகினாள். கால் நின்றது. அன்றிலிருந்து பெட்டியில் உள்ளபடி ஒரு பொம்மையையும் அவள் விட்டதில்லை.

நூலகத்தின் மாடியில் இந்தப் பொம்மைக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். எல்லாம் இளவட்டம். சாயம் பூசி முடித்ததும் அவரவர் விமானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். திருப்பினால் மூட்டுகளில் சாயம் உரிந்துபோகுமாம். விமானம் கடைசிவரை விமானம். அவள் மட்டும் வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே சடசடவென்று திருப்பிக்கொண்டிருப்பாள். "அக்கா, அக்கா, பெயின்ட்!" என்று ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். "பேன்ட் முட்டியில வெளுத்தா பேன்ட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டுவியா தம்பி?" என்பாள். ஆனால் அவள் ஊசி செருகிய பொம்மை இடுப்பை மட்டும் மரியாதையோடு வாங்கி, விளக்கடியில் வைத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் அந்த மரியாதை கிடையாது. அவளுடைய கணவர் டவுன் பஸ் டிரைவர். பொம்மை மேஜையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் போகமாட்டார். "பறக்கிற மனுஷனா, நடக்கிற விமானமா? ஒரு முடிவுக்கு வரச் சொல்லு அவனை." இன்னொரு நாள், "நானும் இத்தனை வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு நாளாவது எந்திரிச்சு நின்னு என்னை வாங்க சார்னு கேட்டிருக்கா?" அவள் வாயில் ஊசி இருக்கும். அதனால் அவர் இன்னும் இரண்டு சொல்வார்.

அவர் இடதுகைக்காரர். கையெழுத்து, சவரம், ஹாரன், எல்லாம் இடது. ஒருநாள் காலையில் எழுந்தபோது அந்தக் கை கூடவே எழுந்திருக்கவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனவரிடம், "திருப்பத்துல கொஞ்சம் மெதுவா எடுப்பா, நானும் இந்தத் தொழில்தான்" என்றார். பக்கவாதத்தில் இழுத்திருந்த இடது கால் சீக்கிரம் தேறியது. கை மட்டும் மடியில் வைத்த பொட்டலம் மாதிரி கிடந்தது. டிப்போவில், கை சரியானால் வரச் சொல்லியிருந்தார்கள்.

பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை அவர் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். "நாய்க்குட்டியா நான்?" அவள் எடுத்துக் கொடுப்பாள். அது மறுபடி உருளும். ஒரு மத்தியானம் அவள் கடையிலிருந்து வந்தபோது, அவர் பொம்மை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். விமானத்தை வலது கை அணைத்திருக்க, இடது கையின் மூன்று விரல்கள் அதன் காலைப் பிடிக்கப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தன. "இதுக்கு கியர் எங்கம்மா இருக்கு?" என்றார் திரும்பாமல்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் தூங்கப் போனதும் பொம்மையின் அந்தக் காலைக் கழற்றினாள். ஊசியைச் சுற்றியிருந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். மறுநாள் கால் இறங்கியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது இறக்கை மடங்கவில்லை. அதையும் தேய்த்தாள். பிறகு மூக்கு. அவர் விரல் எங்கே நின்றதோ அங்கே மறுநாள் பிளாஸ்டிக் வழிவிட்டது. கடைசியில் முழு ஆளையும் அவரே எழுப்பி நிறுத்தினார். அவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தான். "குடிச்சுட்டு வந்திருக்கான் பாரு" என்று அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாவி வெட்டுபவர் வீட்டுக்கு வந்தபோது அவருக்கும் ஒருமுறை செய்து காட்டினார்.

வாரம் ஒருமுறை உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருவாள். சின்ன வயசு. கைப்பிடியின் வலுவைப் பார்க்க ஒரு கருவி வைத்திருந்தாள். அதை அவர் அழுத்தினால் முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. "கருவி ரிப்பேர்" என்றார் அவர். "இங்க பாரு" என்று பொம்மையைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண் அதை வாங்கி லேசாகச் சாய்த்தாள். இரண்டு கால்களும் தாமாகவே இறங்கித் தொங்கின. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

"ஆன்ட்டி, அதை யாரு லூசாக்கினது?"

"ஏம்மா?"

"ஊதினா விழுது. சாரோட கைக்கு அதுல வேலையே இல்லை. பந்தைவிட மோசம் ஆன்ட்டி. பந்தாவது கொஞ்சம் எதுத்து நிக்கும்."

அன்று கடையில் ஒரு பேன்ட்டின் ஒரே காலை இரண்டு முறை குட்டையாக்கிவிட்டாள்.

தளர்ந்த மூட்டை இறுக்க ஒரு வழி உண்டு. அச்சின் மேல் சூப்பர் குளூவை மெல்லிசாகத் தடவி, ஒட்டாமல் காயவிட வேண்டும். ஒரு பூச்சுக்கு ஒரு மயிரிழை தடிக்கும். அவள் அப்படித் தடவ ஆரம்பித்தாள். அவரிடம் சொல்லவில்லை. இதுநாள் வரை திருப்பியதெல்லாம் தன் கை என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் எந்த முனையிலிருந்து சொல்வது? சொல்லாமல் விட்டதைச் சொல்லாமலே பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். கடையில் இத்தனை பேருக்கு அது நடந்திருக்கிறது.

அவருக்கு நடக்கவில்லை. முதலில் பொம்மையின் மூக்கு மடங்காமல் நின்றது, பிறகு இறக்கை. சில வாரங்கள் மல்லுக்கட்டினார். நெற்றியில் வியர்த்தது. "இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி" என்றார். இன்னொரு நாள், "சரியாத் தூங்கலை." ஒருநாள் மாலை விமானத்தை விமானமாகவே மேஜையில் வைத்துவிட்டு, இடது கையை வலது கையால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மேஜையைக் கடந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அந்த ஒரு சத்தம் நின்றதும் அவளுக்குக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அலமாரியைத் திறந்து, தன் யூனிஃபார்ம் சட்டைகளை வலது கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"இதைப் பிடிச்சு யாருக்காவது தைச்சுக் கொடுத்துடும்மா. துணி நல்ல துணி."

"எதுக்கு இப்ப?"

"கை திரும்பிப் போகுது. எனக்குத் தெரியுது. காலே இறங்கிச்சு, இப்ப மூக்கு வரமாட்டேங்குது. இன்னொரு தடவை வரப்போகுதோ என்னவோ. நீ பயப்படாதே."

அவள் சட்டைகளை வாங்கிக்கொள்ளவில்லை.

"கைக்கு ஒண்ணும் ஆகலை. நான்தான் இறுக்கினேன்."

"எதை?"

"அதை. எல்லா மூட்டையும். அந்தப் பொண்ணு சொல்லிச்சு, கைக்கு வேலை வேணும்னு. அதான்..."

அவர் முகம் தெளிந்தது. ஒரு மூச்சு அளவுக்குத்தான். பிறகு கண் சுருங்கியது. இத்தனை வருஷம் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்தவர். விட்டுப்போனதைப் பிடித்துவிட்டார்.

"கைக்கு வேலை இல்லாம எப்படிப் போச்சு?"

அவள் விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை உரித்தாள்.

"முன்னாடி நான்தான் லூசாக்கினேன்."

"அப்ப நான் நிக்க வச்சேனே?"

அவள் அடுத்த விரலின் பசையை உரிக்க ஆரம்பித்தாள்.

"பூட்டுக்காரர்கிட்ட வேற செஞ்சு காமிச்சேன்." சட்டைகள் நாற்காலியில் விழுந்தன. "ஊர்ல இருக்கிற தொப்பைக்காரனுக்கெல்லாம் சொல்ற மாதிரி எனக்கும் துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லிட்டே. அப்படித்தானே?"

"இல்லைங்க..."

"என்ன இல்லைங்க? வீட்டுக்காரனுக்கே ஒரு விரல் விட்டுத் தைக்கிறியா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் விட்டிருப்பார். நின்றாள், அவ்வளவுதான்.

"கொடு அதை" என்றார்.

கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. விமானத்தை வலது கையால் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் ஒரு காலைப் பிடித்தார். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "லூசாக்கினாளாம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இறுக்கினாளாம்." மூன்றாவது முறை அவருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

டக்கென்று ஒரு சத்தம்.

கால் அவருடைய இடது கையில் தனியாக வந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பஸ்ஸை எதன் மேலோ உரசிவிட்டு இறங்கி வந்தவர் போல நின்றார்.

"உடைச்சுட்டேன்" என்றார். "வேணும்னு பண்ணலைம்மா."

அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். ஊசி முறியவில்லை. அதைக் கவ்விப் பிடித்திருந்த தடித்த பிளாஸ்டிக்தான் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற அவளே பலமுறை திருப்பியும் அது பிளந்ததில்லை. அவருடைய இடது கட்டைவிரலில் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. அந்த விரலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தின் பக்கம்.

பிறகு அவர் வயிற்றோடு அணைத்திருந்த விமானத்தைச் சுற்றித் திருப்பி, முழுசாக இருந்த மற்றக் காலை அவருடைய இடது கைக்கு நேராக நீட்டினாள்.