குளியல் தொட்டி விற்பனைக்கு

பழைய பொருளை விற்பதற்குப் போனில் விளம்பரம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூப்பிடுகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் "ஏன் விக்கிறீங்க?" என்றுதான் கேட்பார். ஏதோ திருட்டுச் சாமானைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்கிற மாதிரி ஒரு குரல். நாமும் வீடு மாறுகிறோம், இடம் பத்தவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்போம். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வீட்டிலும் ஒரு பொருளை அப்படி விற்றோம். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லப்பட்டது. எங்கள் மகளுக்கு இதனால் அவமானமாக இருக்கிறதாம், அதனால் விற்கிறோம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மரக்காணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் இருந்தது. வியாபாரம் ஓடாமல் மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கிற சாமான்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று மாமாவுக்குத் தகவல் வந்துவிட்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவர். எங்கேயாவது ஏலம் என்று காதில் விழுந்தால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. முன்பு ஒரு ஏலத்தில் எடுத்துவந்த மேஜை ஒன்று எங்கள் வீட்டில் செங்கல்லைக் காலாக வைத்துக்கொண்டு நின்றிருந்தது. இந்தமுறை மலிவாக சீலிங் ஃபேன் கிடைக்கும் என்று சொல்லி அப்பாவையும் கிளப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

போகாமல் இருந்திருக்கலாம்.

ஃபேன்களை எல்லாம் பாண்டிச்சேரியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலிகளை எங்கள் ஊர் பந்தல்காரர் எடுத்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். அவருடைய மகள் என் வகுப்பு. பெஞ்சில் என் பக்கத்து இடம் அவளுடையது. அவளை என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது அத்தனை பெருமை. அதனால் அவர் கண்ணில் படும்படி கொஞ்சம் முன்னால் போய் நின்றேன்.

அப்போதுதான் நான்கு பேர் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம். மைக்கில் ஏலம் கூறுகிறவர் ஒரு விலையைச் சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை. விலையை இறக்கினார். அப்போதும் இல்லை. "எருமைக்குத் தண்ணி காட்டவாவது யாராவது எடுத்துக்குங்கப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் எங்கள் அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

ஈ ஓட்டுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தையில் கால் கிலோ வெண்டைக்காய்க்குக்கூடப் பேரம் பேசத் தெரியாத மனுஷன் அவர். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார். பந்தல்காரருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. தொட்டி அவருக்கு எதற்கு, சும்மா ஏற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று அவரும் கையைத் தூக்கினார். அப்பா மேலே ஒரு விலை கேட்டார். அவர் இன்னும் மேலே போனார். அப்பா விடவில்லை. கூட்டம் இப்போது தொட்டியைப் பார்க்கவில்லை, இந்த ஆள் எதுவரைக்கும் போவார் என்று எங்கள் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். கடைசியில் பந்தல்காரரே இரக்கப்பட்டுக் கையை இறக்கினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏம்பா, நீச்சல் பழகப் போறியா?" என்று கேட்டார் பந்தல்காரர்.

"வூட்ல அதுக்குக் காலு சரியில்லைங்க" என்றார் அப்பா.

அதற்கும் சிரித்தார்கள். காலுக்கு ஒரு பக்கெட் போதாதா என்று யாரோ கேட்டார்கள். எனக்கும் அதேதான் தோன்றியது. சாமான் ஏற்றி முடிக்கும்வரை நான் வண்டிக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் கால் சரியில்லை என்பது உண்மைதான். அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் கூலி. உப்பு வாருகிற மாதங்களில் காலையிலிருந்து பாத்தித் தண்ணீரில் நின்றால் குதிகால் வெடித்துவிடும். வெடிப்புக்குள் உப்பு இறங்கும். ராத்திரி மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் காய்ச்சித் தடவிக்கொள்வாள். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. வீட்டுக்கு வந்து குளிக்கலாம் என்றால் எங்கள் கைப்பம்பிலும் கரிக்கிற தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது. உப்பை உப்பால் கழுவிக்கொண்டு வருவதற்குப் பெயர்தான் அவள் குளியல். தெருக்குழாயில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். இதையெல்லாம் நான் தினமும் பார்த்தேன். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல அம்மாவுக்குக் கால் வெடிக்கிறது. அவ்வளவுதான்.

தொட்டியைப் பார்த்ததும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "குடிக்கவே கொடத்தத் தூக்கிக்கினு அலையறோம், மகாராணி படுத்துக் குளிக்கப் போறாளா?" என்றாள். அப்பா வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கி அதை உட்காரவைத்தார். சவுக்குக் கழி நட்டுச் சுற்றிலும் கீற்று கட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே இருந்த ஒரு பம்புசெட்டுக்குப் போய்ப்போய் வந்தார். அங்கே தண்ணீர் கரிக்காது. தெருக்குழாயை அவர் தொடவே இல்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனார்.

மறுநாள் அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் கீற்றுக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. சத்தமும் இல்லை. அப்பா பயந்துபோய், "என்னா, தூங்கிட்டியா?" என்றார். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபக் குரல் இல்லை, எனக்குப் பழக்கமில்லாத வேறு ஒரு குரல். வெளியே வந்தபோது அவள் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. அந்தத் தண்ணீரையும் அப்பா வீணாக்கவில்லை, மொண்டு மொண்டு முருங்கைக்கும் வெண்டைச் செடிக்கும் ஊற்றினார்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அப்பா நினைத்தால் ஆயிற்றா. தெருக்குழாயில், உப்பு வார்றவளுக்கு எதுக்கு இதெல்லாம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா காதில் விழும்படியே பேசினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏலக் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பந்தல்காரர் வீட்டில் சொல்ல, அவர் மகள் கண்ணும் மூக்கும் வைத்து வகுப்பில் சொல்லியிருந்தாள். எங்கள் அப்பா கையைத் தூக்கிய மாதிரி நடித்துக்கூடக் காட்டினாளாம். என் பெயர் தொட்டி ஆயிற்று. "தொட்டி, கணக்கு போட்டுட்டியா?" "தொட்டி, சாப்பாட்டுக்கு என்னா குழம்பு?" சில பேர் நக்கலுக்குக்கூடச் சொல்லவில்லை, பழக்கத்தில் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தல்காரர் மகள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நோட்டு வாங்க வந்தாளாம். அம்மா அந்த நேரம் பார்த்துக் கீற்றுக்குள் இருந்தாள். சத்தம் கேட்டதும், "வாங்க பாப்பா, உக்காருங்க, இதோ வந்துடறேன்" என்று உள்ளேயிருந்தே உபசாரம் பண்ணினாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தாள். பொட்டுக்கடலை உருண்டையைத் தட்டில் எடுத்துவந்து கையில் கையில் கொடுத்தாள். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, தொட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அம்மா கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். மூலையில் அடைப்பான் எங்கே இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஒன்றுவிடாமல் விளக்கினாள். அவர்கள் சிரிப்பதை, பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். தெருக்குழாயில் பேசிய அதே பேச்சு. அது எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று எனக்கே தெரியாது. அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். தட்டைக் கழுவிவைத்தாள். நான் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மா மாமாவைக் கூப்பிட்டு அதை விற்றுவிடச் சொன்னாள். அப்பா கேட்டதற்கு, "புள்ள மூஞ்சி தொங்கிப் போச்சு, பாக்கலியா?" என்றாள்.

மாமா அப்போதுதான் பெரிய திரை உள்ள போன் வாங்கியிருந்தார். பழைய பொருள் விற்கிற ஒரு ஆப்பில் தொட்டியைப் போட்டோ எடுத்துப் போட்டார். எங்கள் வீடோ கீற்றோ படத்தில் தெரியக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். வாசகத்தை எழுதியதும் நான்தான். "குளியல் தொட்டி விற்பனைக்கு. ரிசார்ட்டில் இருந்தது. மிகக் குறைவாகவே பயன்படுத்தியது." கட்டுரை எழுதுகிற பெண் என்று மாமா மெச்சினார். எனக்கு வயிற்றுவலி அன்றைக்கே சரியாகிவிட்டது.

போன் வந்தது பாருங்கள். வானூரிலிருந்து ஒருவர் எருமை இதில் இறங்குமா என்று நிஜமாகவே விசாரித்தார். ஆரோவில்லில் வேலை பார்க்கிற ஒருவர் தன் முதலாளியம்மா தாமரை வளர்க்கக் கேட்பதாகச் சொன்னார். மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் ஐஸ் போட்டு மீன் வைக்கக் கேட்டார். இன்னொருவர் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஏன் விக்கிறீங்க என்று எல்லோரும் கேட்டார்கள். மாமா ஒருவரிடம் ஃபாரின் போகிறோம் என்றார், இன்னொருவரிடம் இதைவிடப் பெரிசு வாங்கிவிட்டோம் என்றார்.

கடைசியில் எடுத்தவர் இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றின் சூப்பர்வைசர். டேப்போடு வந்து நீளம் அகலம் எல்லாம் அளந்தார். அப்பா வழக்கம்போல, அவர் கேட்காமலே, அடைப்பான் பக்கத்தில் லேசாகக் கசியும், பசை போட்டு அடைத்திருக்கிறேன் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். முந்தின நாளே அம்மா அதைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். வாங்கினபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

"நல்லாத்தானே இருக்குது, ஏன் குடுக்கறீங்க?" என்று அந்த சூப்பர்வைசர் கேட்டார். அப்பா கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்றாள் அம்மா.

நல்ல பதில் சொன்னாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்கள் தொட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அம்மா கூடவே போய், வழியில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எறாவுக்கு என்னா தண்ணிங்க ஊத்துவீங்க?" என்று கேட்டாள்.

"கடல் தண்ணிதாம்மா. நல்ல தண்ணி ஊத்தினா தாங்காது."

"அப்ப இதுக்கும் உப்புத் தண்ணிதானா" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.

சூப்பர்வைசர் சிரித்தார், மாமா சிரித்தார். தொட்டி ஒழிந்தது என்கிற சந்தோஷத்தில் எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அம்மா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இதுக்கும் என்றாளே, வேறு எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.