மூக்கு வழியே ஒரு பிரெஞ்சுப் பாட்டு

மலாயா சுதந்திரம் வாங்கிய வருடம். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீடு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு ஒரு பிரெஞ்சுப் பாட்டு என்று முடிவாகி, தனியாகப் பாடும் வாய்ப்பு என் உயிர்த்தோழிக்குக் கிடைத்தது. கம்போங் செட்டிக்காரி; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் கிராமம் அது. பெயரும் கோயிலும் தமிழ், பேச்சு முழுக்க மலாய். அவள் பாடினால் சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி நிற்பார்.

வந்தது வினை. பாட்டில் ‘மேஸோன்’ என்று ஒரு சொல்; பிரெஞ்சில் வீடு என்று அர்த்தம். அந்தக் கடைசி ‘ன்’னை நாக்கால் தொடவே கூடாது. வாய் திறந்தபடி இருக்க, ஓசை மூக்கு வழியே போக வேண்டும். ஆங்கிலமும் மலாயும் சீனமும் பேசிய எங்கள் வகுப்பே ‘ன்’, ‘ங்’ என்று முட்டிக்கொண்டு நின்றது. பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு மதர் பொறுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், வேறொருத்தி ஆங்கிலப் பாட்டுப் பாடட்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை தோழி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா விழாவுக்காகப் புதுக் கெபாயாச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். கம்போங் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இவளோ கண்ணாடி முன் உட்கார்ந்து, “தா போலே லா!” முடியாது, முடியவே முடியாது என்று அழுகிறாள்.

அப்போதுதான் மாலைத் தமிழ் வகுப்பில் நான் வாங்கும் திட்டு நினைவுக்கு வந்தது. ‘மரம்’ என்று வாசித்தால் வாத்தியார், “கொச்சையா வாசிக்காத! வாய மூடிச் சொல்லு புள்ள! ம்... ம்!” என்று கத்துவார். வீட்டுப் பேச்சில் நாம் யார் உதட்டை ஒட்டி ‘மரம்’ என்கிறோம்? சொல்லிப் பாருங்கள். வாய் திறந்தே இருக்கும், கடைசி ஓசை மூக்கில் போய்விடும். மதர் கேட்டதும் அதுதானே!

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ‘மரம், படம், பழம்’ என்று என் வீட்டுத் தமிழில் சொல்லவைத்தேன். உடனே ‘மேஸோன்’ என்றேன். அப்படியே வந்துவிட்டது! அவள் அம்மாவும் தையலைப் போட்டுவிட்டு வந்து எங்களோடு ‘மரம், மரம்’ என்று கத்தினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வெள்ளிக்கிழமை அவள் பாடி முடித்ததும் மதர் கைதட்டியேவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். தோழி என்னை முன்னால் இழுத்துவிட்டு, “ஹெர் டமில், மதர்!” என்றாள். மதர் என்னை ‘மரம்’ சொல்லச் சொல்லிக் கேட்டு, தானும் சொன்னார். அசல் என் அம்மா சொல்வதுபோலவே இருந்தது! கூச்சத்தால் அந்தப் பள்ளியில் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசாதவள் நான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு, யாருடைய பேச்சையும் கொச்சை என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை.