சொல்லிக்கொடுத்த பாவங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலில் மறுநாள் பதினான்கு பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறவர்கள். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அவர்களுக்கு மறைக்கல்வி எடுத்தவள் நான்.

எடுத்தேன் என்று பேர்தான். ஒரு வாரம் ஏழு பேர் வந்தால் மறுவாரம் வேறு ஏழு பேர். பெற்றோரைக் கேட்டால் டியூஷன், சடங்கு வீடு, சளி. ஆனால் வெள்ளைக் கவுனுக்கு அளவு கொடுக்கவும் வீடியோக்காரரைப் பிடிக்கவும் மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நன்மை வாங்கும் முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார்செய்ய, என்னென்ன தப்பு செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள் என்றால், பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். என் பொறுமை போய்விட்டது. ஆறு பாவங்களை ஒரு தாளில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன். பொய் சொன்னேன், திருடினேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை, இப்படி. பள்ளிக்கூட டீச்சர் புத்தி வேறெங்கே போகும்? அந்தச் சனிக்கிழமை பதினான்கு பேரும் அரை மணி நேரத்தில் சாமியிடம் சொல்லி முடித்துவிட்டார்கள். பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயிலைப் பூட்டப் போகும் நேரம், ஒரு தாய் தன் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இவ நாளைக்கு நன்மை வாங்க மாட்டேன்னு அழுதுக்கிட்டே இருக்கா. சொந்தக்காரவ எல்லாம் வந்து எறங்கிட்டாவ. ஏட்டி, டீச்சர்ட்ட சொல்லு!"

இருந்த கடுப்பில், "இன்னும் என்னம்மா?" என்று கத்திவிட்டேன். அந்த எட்டு வயதுப் பிள்ளை விம்மி விம்மிச் சொன்னாள்.

"நான் திருடவே இல்ல டீச்சர். நீங்க எழுதித் தந்ததுல இருந்துச்சுன்னு திருடினேன்னு சொல்லிட்டேன். சாமிட்டயே பொய் சொல்லிட்டு எப்படி நன்மை வாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பங்குச்சாமியிடம் ஓடிப்போய் என் தாள் விவகாரத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளைய பைய வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில் மறுபடியும் போய் உட்கார்ந்தார். இரண்டே நிமிடம். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்குதித்துப் போனாள்.

"நீங்க வாறியளா டீச்சர்?" என்றார் சாமி.

போய் முழங்காலிட்டேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தில் பராக்காக இருந்தேன் என்று வாய் தன்னால் ஆரம்பித்தது. என் சொந்தப் புதுநன்மையிலிருந்து இதே மூன்றைத்தான் இதே வரிசையில் சொல்லி வருகிறேன்! வெட்கமாகப் போய்விட்டது. நிறுத்தினேன். பெற்றோர் மேல் இருந்த ஆத்திரத்தை மூன்று மாதமாக அந்தப் பிள்ளைகள் மேல் காட்டினேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவள் சந்தோஷமாக நன்மை வாங்கினாள். எனக்கோ, நாற்பத்தாறு வயதில் அந்தச் சனிக்கிழமைதான் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன் என்றே இன்றைக்கும் தோன்றுகிறது.