அரண்மனை மேட்டில் செங்கல் இல்லை

மேலூரைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டயர் மாற்றும்வரை எதிரேயிருக்கும் டீக்கடையில் உட்கார்கிறேன். கடைக்குப் பின்னால் அரண்மனை மேடு. பாண்டியனின் அரண்மனை அங்கேதான் புதைந்திருக்கிறது என்பது ஊர்ப்பேச்சு. அகழாய்வுக் குழிகளுக்கு மேலே நீலத் தார்ப்பாய் படபடக்கிறது.

“ஏதாச்சும் கிடைச்சதாக்கா?” என்று கடைக்கார அம்மாவிடம் கேட்கிறேன்.

“ஒரு செங்கல் கூட இல்ல சார். ஆளு பொழங்காத அடிமண்ணு வந்துருச்சாம்.” முகத்தில் அப்படியொரு நிம்மதி. “எங்க வீட்டுக்காரரோட பாட்டன் அரண்மனையப் பேத்து செங்கலை வித்துட்டாருன்னு ஊரே சொல்லுது. எம் மகளுக்கு வந்த சம்பந்தம் அதுலயே நின்னுபோச்சு. இருந்தாத்தான சார் திருட முடியும்?”

சீனாவில் நான் பார்த்த ஒரு மண்மேட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதல் பேரரசரின் அபாங் அரண்மனை. எதிரிப் படைத்தலைவன் தீ வைத்ததாகவும் மூன்று மாதம் எரிந்ததாகவும் கதை. தோண்டிப் பார்த்தவர்களுக்குச் சாம்பலே கிடைக்கவில்லை. அரண்மனையைக் கட்டி முடிக்கவே இல்லை என்கிறார்கள்.

“அப்ப அந்தாளு மேல போட்ட பழி?”

“அவன்தான் கொளுத்துனான்னு இன்னமும் சொல்லத்தான் செய்றாங்க.”

அவர் கிளாஸைக் கழுவுகிறார். பைக்கில் வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் டீ சொல்லிவிட்டுக் குழியை எட்டிப் பார்க்கிறார்.

“ஒரு கல்லு கூட இல்லையாம்ல மதினி? ஒங்க ஆளுக எம்புட்டுச் சுத்தமா அள்ளியிருக்காக!”